நாலாவது பக்கம் சுவர் இல்லாத மைதானம்

போன இதழில் யாரோ கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லும்போது, ஒரே புல்தரையில் கால்பந்தும் கிரிக்கெட்டும் மாறி மாறி நடந்த பழைய மைதானங்களைப் பற்றி மூன்று வரி எழுதிவிட்டேன். மூன்று வரிக்கு இவ்வளவு கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. பாதிப் பேர் கேள்வி கேட்டிருக்கிறீர்கள், சிலர் சொந்தக் கதை எழுதியிருக்கிறீர்கள், ஒருவர் திட்டியே எழுதியிருக்கிறார். சரி, இந்தத் தடவை வேறு எதுவும் வேண்டாம், இதையே பேசி முடித்துவிடுவோம்.

கே: சார், ஒரே மைதானத்தில் ரெண்டு ஆட்டமும் எப்படி? அளவே ஒத்துவராதே. ஒன்று நீள்சதுரம், இன்னொன்று வட்டம் மாதிரி.

ப: ஒத்துவராதுதான். கால்பந்துக் களம் சுமார் 105 மீட்டர் நீளம், 68 மீட்டர் அகலம். கிரிக்கெட்டுக்கு நடுவில் 22 கஜம் பிட்ச், அதைச் சுற்றி எல்லாப் பக்கமும் அறுபது எழுபது மீட்டராவது காலியாக வேண்டும். அதனால் பழைய ஆட்கள் ரெண்டு வழி வைத்திருந்தார்கள். ஒன்று, கால்பந்துக் களத்தைக் கிரிக்கெட் வட்டத்துக்கு நடுவிலேயே போட்டுவிடுவது. அப்போது பிட்ச் சரியாக நடுவட்டத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும், இருபத்திரண்டு பேர் அதன் மேலேயே ஆணி வைத்த பூட்ஸோடு ஓடுவார்கள். இன்னொன்று, பிட்சைத் தொடாமல் களத்தை ஓர் ஓரமாகத் தள்ளிப் போடுவது. இதில் கால்பந்துக்கு மூன்று பக்கம்தான் ஸ்டாண்ட் கிடைக்கும். நாலாவது பக்கத்துக் கோட்டைத் தாண்டினால் கிரிக்கெட் மைதானம், வெறும் புல், அப்புறம் எங்கேயோ தூரத்தில் ஒரு பெவிலியன். நான் போன இதழில் ஏங்கி எழுதியது இந்த ரெண்டாவது வகையைப் பற்றித்தான்.

கே: நீங்கள் ஆடிய மைதானம் எந்த வகை?

ப: முதல் வகை. மோசமான வகை. நடுவில் சிமென்ட் பிட்ச், கிரிக்கெட் சீசனில் அதன் மேல் கயிற்றுப் பாய் விரித்து, சுற்றி இரும்பு முளை அடித்து இழுத்துக் கட்டுவோம். கால்பந்து சீசன் வந்தால் பாயைச் சுருட்டி எடுத்துவிட்டு, சிமென்ட் மேல் மண்ணைக் கொட்டிப் பரப்புவார்கள். ரெண்டு மழையில் அந்த மண் கரைந்துவிடும். பிறகு நடுவட்டத்தில் விழுகிற பந்து மற்ற இடத்தில் எழும்புவதைப் போல ரெண்டு மடங்கு எழும்பும். உள்ளூர்ப் பையன்களுக்கு இது தெரியும், வெளியிலிருந்து வருகிற டீமுக்குத் தெரியாது. எங்கள் கோல்கீப்பர் பந்தை உயரமாக உதைத்து வேண்டுமென்றே அங்கே விழவைப்பான், எதிரி டிஃபெண்டர் தலைக்கு மேலே போகிற பந்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்பான். எங்களிடம் இருந்த ஒரே தந்திரம் அதுதான், அதிலும் எங்கள் திறமை ஒன்றும் இல்லை.

கிரிக்கெட்டில் இதற்குப் பழி வாங்கிவிடும். கோலுக்கு முன்னால் ஆறு மாதம் மிதிபட்டு மொட்டையான மண், கோடையில் காய்ந்து வெடித்து, ஃபைன் லெக்கில், அதாவது பேட்ஸ்மேனுக்குப் பின்னால் எல்லைப் பக்கம், நிற்கிறவனுக்கு முன்னால் வந்து நிற்கும். தரையோடு வருகிற பந்து அங்கே வந்ததும் எந்தப் பக்கம் திரும்பும் என்று யாருக்கும் தெரியாது. கோல் போஸ்டைப் பிடுங்கிய குழியில் ஒரு செங்கல்லைத் திணித்து மூடியிருப்பார்கள். அந்தச் செங்கல்லில் பட்டு பந்து திரும்பி வந்தது ஒரு தடவை. பேட்ஸ்மேன் நாலு கேட்டான், நாங்கள் கொடுக்கவில்லை, அம்பயர் செங்கல்லைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து ரெண்டு ரன் என்றார். அது எந்தச் சட்டத்தில் இருக்கிறது என்று இன்றுவரை தேடிக்கொண்டிருக்கிறேன்.

கே: இந்த மாதிரி மைதானங்களில் எது பெரியது, எது பழையது? ஒன்றைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்லுங்கள், பட்டியல் வேண்டாம்.

ப: பட்டியல் வேண்டாம் என்று சொன்னதற்கே உங்களுக்கு ஒரு நன்றி. இங்கிலாந்தில் ஷெஃபீல்ட் நகரத்து பிரமால் லேன். 1855-இல் கிரிக்கெட் மைதானமாகத் திறந்தார்கள். யார்க்‌ஷயர் கவுண்டி (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) கிரிக்கெட் கிளப் 1863-இல் ஷெஃபீல்டில்தான் தொடங்கியது, ஆரம்ப காலத்தில் இதுதான் அதன் வீடு. அதற்குள்ளேயே, 1862 டிசம்பர் கடைசியில், அங்கே கால்பந்து ஆட்டமும் நடந்துவிட்டது. 1878 அக்டோபரில் மூலைக்கு ஒரு மரக் கோபுரம் கட்டி, உச்சியில் மின்விளக்கு வைத்து ராத்திரியில் கால்பந்து ஆடிக் காட்டினார்கள். வீட்டில் மின்விளக்கு என்பதே யாருக்கும் தெரியாத காலம் அது.

இப்போது பிரபலமாக இருக்கிற ஷெஃபீல்ட் யுனைடெட் கால்பந்துக் குழு எப்படி வந்தது தெரியுமா? 1889 மார்ச்சில் பிரஸ்டனுக்கும் வெஸ்ட் ப்ராமுக்கும் எஃப்.ஏ. கோப்பை (இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் நடத்துகிற கோப்பை) அரையிறுதி அந்த மைதானத்தில் நடந்தது. வந்த கூட்டத்தைப் பார்த்து மைதானக்காரர்கள் கண் திறந்துகொண்டது, ஒரே வாரத்துக்குள் சொந்தமாக ஒரு கால்பந்துக் குழுவைத் தொடங்கிவிட்டார்கள். தொடங்கினது ஷெஃபீல்ட் யுனைடெட் கிரிக்கெட் கிளப்பின் ஆட்கள். அதாவது கிரிக்கெட்தான் வீட்டுக்காரர், கால்பந்து பின்னால் குடி வந்தது. அடுத்த எண்பது வருஷத்தில் யார் யாரை வெளியே அனுப்பினார்கள் என்பதைப் பார்த்தால் சிரிப்பாக இருக்கும்.

1902 ஜூலையில் இங்கிலாந்து, ஆஸ்திரேலியா டெஸ்ட் அங்கே நடந்தது. கிளெம் ஹில் 119 அடித்தார், ஆஸ்திரேலியா 143 ரன்னில் ஜெயித்தது. பிரமால் லேனில் நடந்த ஒரே டெஸ்ட் அதுதான், திரும்பக் கொடுக்கவே இல்லை. சுற்றிலும் தொழிற்சாலைகள், புகை, மங்கல் வெளிச்சம் என்று வந்தவர்கள் புலம்பினார்கள். 1912-இல் எஃப்.ஏ. கோப்பை இறுதியாட்டம் டிராவானதும் அதன் மறு ஆட்டம் இங்கேதான். டெஸ்ட் கிரிக்கெட், கோப்பை இறுதி, இங்கிலாந்து கால்பந்து அணியின் சர்வதேச ஆட்டம் மூன்றும் நடந்த மைதானம் என்று தேடினால் இதுவும் லண்டன் ஓவலும்தான் வரும்.

ஆனால் இதெல்லாம் பெருமைப் பட்டியல். அங்கே போனவர்கள் நினைவில் வைத்திருப்பது வேறு. ஜான் ஸ்ட்ரீட் பக்கம் ஸ்டாண்ட், ரெண்டு கோலுக்குப் பின்னாலும் மேடு, நாலாவது பக்கம் திறந்த வெளி. அந்த வெளிக்கு அக்கரையில் கிரிக்கெட் பெவிலியன். முதல் டிவிஷன் (அன்றைக்கு அதுதான் மேல்மட்ட லீக்) கால்பந்து நடக்கும்போது, முப்பது நாற்பது ஆயிரம் பேர் மூன்று பக்கமும் கத்திக்கொண்டிருப்பார்கள், நாலாவது பக்கத்திலிருந்து ஒரு சத்தமும் வராது. கத்தல் போய் எதிலும் மோதித் திரும்பாமல் அப்படியே கரைந்து போகும். இன்றைய கிண்ணம் மாதிரி மூடிய ஸ்டேடியத்தில் காது அடைத்துப்போன நமக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கக்கூட முடியாது.

1973 ஆகஸ்டில் யார்க்‌ஷயர், லங்காஷயர் ஆட்டத்தோடு கிரிக்கெட் முடிந்தது. ரெண்டு வருஷத்தில், 1975-இல், கிரிக்கெட் நடந்த பக்கத்தில் சவுத் ஸ்டாண்ட் எழும்பியது. நாலாவது பக்கமும் அடைபட்டது. வாடகைக்கு வந்தவர் வீட்டுக்காரரை அனுப்பிவிட்டு நாலாவது சுவரையும் எழுப்பிக்கொண்டார்.

கே: திறந்த பக்கம் பந்து போனால்?

ப: நடந்து போய் எடுத்து வர வேண்டியதுதான். ஒரு கோல் முன்னிலையில் இருக்கும் டீமுக்கு அதைவிட நல்ல நண்பன் கிடையாது.

கே: ஜார்ஜ் பெஸ்ட் ஒரே ஆட்டத்தில் ஆறு கோல் போட்டது ஒரு கிரிக்கெட் மைதானத்தில் என்று என் மாமா அடித்துச் சொல்கிறார். நம்பலாமா?

ப: மாமா சொன்னது சரி, தாராளமாக நம்புங்கள். 1970 பிப்ரவரி 7, எஃப்.ஏ. கோப்பை ஐந்தாம் சுற்று, நார்த்தாம்ப்டன் டவுனும் மான்செஸ்டர் யுனைடெடும். இடம் நார்த்தாம்ப்டன் கவுண்டி கிரவுண்ட், அதாவது நார்த்தாம்ப்டன்ஷயர் கிரிக்கெட் கிளப்பின் மைதானம். மான்செஸ்டர் யுனைடெடின் நட்சத்திரம் பெஸ்ட், ஆடக் கூடாது என்று போட்ட தடை முடிந்து திரும்பி வந்த முதல் ஆட்டம். சேறு. ஆறு கோல் அவர், ரெண்டு கோல் பிரையன் கிட், 8-2.

அந்த மைதானத்தைப் பற்றி இன்னொன்று சொல்லாமல் போனால் மனசு ஆறாது. நார்த்தாம்ப்டன் டவுன் 1897-இலிருந்து 1994 வரை அங்கேதான் குடியிருந்தது. அதுவும் மூன்று பக்க மைதானம்தான். நாலாவது பக்கக் கோடு கிரிக்கெட் அவுட்ஃபீல்டுக்குள் விழும். இந்தச் சின்னக் குழு 1961-இல் நாலாவது டிவிஷனிலிருந்து கிளம்பி, 1965-இல் முதல் டிவிஷனுக்கே ஏறிவிட்டது. ஒரே ஒரு சீசன். அந்த ஒரு சீசனில் இங்கிலாந்தின் பெரிய பெரிய குழுக்கள் எல்லாம் ஒரு பக்கம் கிரிக்கெட் தரை விரிந்து கிடக்கிற மைதானத்துக்கு வந்து ஆடிவிட்டுப் போக வேண்டியிருந்தது. பிறகு சறுக்க ஆரம்பித்து 1969-இல் மறுபடி நாலாவது டிவிஷன். ஏறின வேகத்திலேயே இறங்கியாயிற்று. பெஸ்ட் வந்து ஆறு போட்டது அதற்கு அடுத்த சீசனில். எரிகிற வீட்டில் எண்ணெய் ஊற்றின மாதிரி.

இங்கே கதை ஷெஃபீல்டுக்கு நேர் எதிர். 1994 அக்டோபரில் கால்பந்து கிளம்பி வேறு ஸ்டேடியத்துக்குப் போய்விட்டது, கிரிக்கெட் இன்னும் அங்கேயே இருக்கிறது.

கே: மைதானத்தைப் பராமரித்தவர்களைப் பற்றி யாரும் எழுதுவதே இல்லை. அவர்கள் பாடு என்ன?

ப: நல்ல கேள்வி. எழுதியவர் தரை பார்க்கிற வேலை செய்தவர் என்று கையெழுத்துக்குக் கீழே குறிப்பிட்டிருக்கிறார், அதனால் அவருக்குத் தெரிந்ததை நான் அவருக்கே சொல்லப் போகிறேன், மன்னிக்கவும்.

கிரிக்கெட் பிட்சுக்குக் களிமண் சத்துள்ள கெட்டி மண் வேண்டும். தண்ணீர் விட்டு, ரோலர் போட்டு, காயவிட்டு, மறுபடி ரோலர் போட்டு, தரையைத் தட்டினால் ஓடு மாதிரி சத்தம் வர வேண்டும். கால்பந்துக்கு நேர் எதிர். தண்ணீர் கீழே இறங்கிப் போகிற இளகின மண், கால் விழுந்தால் தாங்குகிற அடர்ந்த புல். கெட்டி மண்ணில் மழைத் தண்ணீர் தேங்கி நிற்கும், அதில் ஸ்டட்ஸ் வைத்து ஓடினால் குழி குழியாகும், அந்தக் குழி அப்படியே காய்ந்தால் அடுத்த கோடையில் பந்து ஒன்று தலைக்கு வரும், அடுத்தது காலுக்குக் கீழே போகும். ஒரே ஆள், ஒரே தரை, ரெண்டு எஜமானர்கள். ஒருவர் தரையை இறுக்கு என்பார், இன்னொருவர் இளக்கு என்பார்.

சீசன் வேறு வேறுதானே என்று கேட்பீர்கள். இங்கிலாந்தில் கிரிக்கெட் ஏப்ரலில் ஆரம்பித்து செப்டம்பர் வரை போகும், கால்பந்து ஆகஸ்டில் ஆரம்பித்து ஏப்ரல், மே வரை போகும். ரெண்டு முனையிலும் இடிக்கும். தைத்து முடிக்காத சட்டையைப் போடுவது மாதிரி, புல் முளைத்து முடிக்கும் முன்பே அடுத்த கூட்டம் வந்து நிற்கும்.

லண்டன் ஓவல் இதனால்தான் கால்பந்தை வெளியே அனுப்பியது. முதல் எஃப்.ஏ. கோப்பை இறுதியாட்டம் 1872 மார்ச் 16 அன்று ஓவலில்தான் நடந்தது, வாண்டரர்ஸ் 1-0 என்று ஜெயித்தார்கள். 1892 வரை, நடுவில் 1873 ஒன்றைத் தவிர, எல்லா இறுதியாட்டத்துக்கும் அங்கேதான் இடம். கூட்டம் பெருகப் பெருக, தரை என்னாவது என்று, ஓவலை வீடாக வைத்திருந்த சர்ரே கிரிக்கெட் கிளப்புக்குப் பயம் பிடித்துக்கொண்டது. கதவைச் சாத்திவிட்டார்கள். இத்தனைக்கும் கால்பந்தை ஓவலுக்குக் கொண்டுவந்த சார்ல்ஸ் ஆல்காக் சர்ரே கிரிக்கெட் கிளப்பின் செயலாளர். கால்பந்துச் சங்கத்தின் செயலாளரும் அவரே. 1872-இல் கோப்பையை ஜெயித்த வாண்டரர்ஸின் கேப்டனும் அவரே. 1880-இல் இங்கிலாந்து மண்ணில் நடந்த முதல் டெஸ்ட்டை ஓவலில் ஏற்பாடு செய்ததும் அவரே. ரெண்டு ஆட்டமும் ஒரே மனிதரின் ஒரே மேஜையில் இருந்து கிளம்பியிருக்கிறது, அப்படியும் தரை விஷயத்தில் சமாதானம் பண்ண முடியவில்லை.

கே: மைதானம் மட்டுமா பகிர்ந்துகொண்டது? ஆட்களும் ரெண்டையும் ஆடினார்களே. உங்களுக்குப் பிடித்தவர் யார்?

ப: டெனிஸ் காம்ப்டன் என்று சொல்வேன் என்று எதிர்பார்க்கிறீர்கள். ஆர்சனலுக்குக் கால்பந்து, மிடில்செக்ஸுக்குக் கிரிக்கெட், 1950 எஃப்.ஏ. கோப்பை எல்லாம் சரிதான். எனக்குப் பிடித்தவர் கிறிஸ் பால்டர்ஸ்டோன். 1975 செப்டம்பர் 15. செஸ்டர்ஃபீல்டில் டெர்பிஷயருக்கு எதிராக லெஸ்டர்ஷயருக்காக ஆடிக்கொண்டிருந்தார், அன்று ஆட்டம் முடிகிறபோது 51 நாட் அவுட். பேடைக் கழற்றினார், டோன்காஸ்டருக்குப் போனார், அன்று ராத்திரி டோன்காஸ்டர் ரோவர்ஸுக்காக பிரென்ட்ஃபோர்டுக்கு எதிராக முழு ஆட்டம் ஆடினார், 1-1 டிரா. மறுநாள் காலையில் திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து 116 அடித்தார். அப்புறம் மூன்று விக்கெட்டும் எடுத்தார். அந்த ஆட்டத்தில்தான் லெஸ்டர்ஷயர் முதல் முறையாக கவுண்டி சாம்பியன்ஷிப்பை ஜெயித்தது. மாடிப்படி ஏறினாலே முழங்கால் கேள்வி கேட்கிற வயசில் இதைப் படித்துவிட்டு நான் ரெண்டு நாள் யாரிடமும் பேசவில்லை.

இன்னொரு ஜோடி. 1902 ஏப்ரலில் எஃப்.ஏ. கோப்பை இறுதியில் ஷெஃபீல்ட் யுனைடெடும் சவுத்தாம்ப்டனும். ஷெஃபீல்ட் கோல்கீப்பர் வில்லி ஃபவுல்க், மலை மாதிரி ஆள், டெர்பிஷயருக்காக நாலு முதல்தர கிரிக்கெட் ஆட்டம் ஆடினவர். எதிர்ப்பக்கம் சவுத்தாம்ப்டன் டிஃபெண்டர் சி.பி. ஃப்ரை, இங்கிலாந்து பேட்ஸ்மேன். முதல் ஆட்டம் டிரா, மறு ஆட்டத்தில் ஷெஃபீல்ட் 2-1 என்று ஜெயித்தது. மூன்றே மாதத்தில், முன்னே சொன்ன அந்த ஒரே டெஸ்ட்டுக்காக, ஃப்ரை பிரமால் லேனுக்கே வந்தார். தன்னைக் கோப்பையில் தோற்கடித்தவர்களின் வீட்டில் பேட்டோடு இறங்கி 1 ரன், 4 ரன். பிரமால் லேன் ஃப்ரைக்கு எதுவும் கொடுப்பதில்லை என்று முடிவு செய்துவிட்டது போலிருக்கிறது.

நம் நாட்டில் சுனி கோஸ்வாமி. 1962 ஆசிய விளையாட்டில் கால்பந்துத் தங்கம் ஜெயித்த இந்திய அணியின் கேப்டன். 1966-இல் சோபர்ஸின் மேற்கிந்தியத் தீவுகள் அணி இந்தூரில் ஆடியபோது எதிர்த்துப் பந்து போட்டு எட்டு விக்கெட் எடுத்தார். பிறகு ரஞ்சியில் வங்காளத்தை இறுதியாட்டத்துக்கும் கொண்டுபோனார்.

கே: பெண்களில் யாராவது?

ப: எலிஸ் பெர்ரி. 2007-இல் பதினாறு வயசில், ஒரு மாத இடைவெளிக்குள், ஆஸ்திரேலியாவுக்காகக் கிரிக்கெட்டும் கால்பந்தும் ஆடத் தொடங்கினார். ரெண்டு உலகக் கோப்பையிலும் ஆடியிருக்கிறார். கடைசியில் ஒன்றை விட வேண்டி வந்தது, கால்பந்தை விட்டார்.

கே: ஈடன் கார்டன்ஸில் பெலே ஆடினார் என்பது உண்மையா, அல்லது பெரியவர்கள் கட்டிய கதையா?

ப: உண்மை. 1977 செப்டம்பர் 24, பெலே ஆடிய நியூயார்க் காஸ்மாஸும் கொல்கத்தாவின் மோகன் பகானும், 2-2. மழையில் ஊறின தரை. பெலே ஓய்வு பெற்ற கடைசி ஆட்டம் அதற்கு ஒரு வாரம் கழித்து, அக்டோபர் 1. அதனால் கொல்கத்தாக்காரர்கள் பார்த்தது கடைசி கட்டப் பெலேயை. இருந்தாலும் பெலே.

ஈடன் என்றால் இன்றைக்கு எல்லாருக்கும் கிரிக்கெட்தான் ஞாபகம் வரும். அந்தக் காலத்தில் மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் ஆட்டங்களும் அங்கே நடந்தன. 1980 ஆகஸ்ட் 16 அன்று அந்த ரெண்டு அணியும் மோதிய ஆட்டத்தில் கேலரியில் கலவரம் வெடித்து, நெரிசலில் பதினாறு ரசிகர்கள் செத்துப்போனார்கள். ஆட்டம் பார்க்கப் போனவர்கள். வருஷா வருஷம் அந்த நாளில் அவர்கள் நினைவாக ரத்த தானம் செய்கிறார்கள். 1984-இல் சால்ட் லேக் ஸ்டேடியம் திறந்ததும் கால்பந்து அங்கே போய்விட்டது. பழைய மைதானம் என்றதும் இனிப்பாக மட்டுமே எழுதிவிடுகிறோம், அதனால்தான் இதையும் சேர்த்தேன்.

கே: மன்கட், ராய் 413 ரன் கூட்டணி நடந்தது கால்பந்து ஸ்டேடியத்தில் என்கிறார்கள். சேப்பாக்கம் இல்லையா?

ப: சேப்பாக்கம் இல்லை. 1956 ஜனவரி, நியூசிலாந்துக்கு எதிராக, சென்னை கார்ப்பரேஷன் ஸ்டேடியத்தில். இந்தியாவின் தொடக்க ஜோடி, மன்கட் 231, பங்கஜ் ராய் 173. முதல் விக்கெட்டுக்கு 413, அந்த உலக சாதனை 2008 வரை ஐம்பத்திரண்டு வருஷம் நின்றது. 1956-இலிருந்து 1965 வரை ஒன்பது டெஸ்ட் அங்கே நடந்திருக்கிறது. 1964-இல் பாபு நட்கர்னி இங்கிலாந்துக்கு எதிராகத் தொடர்ந்து 21 ஓவர் மெய்டன், அதாவது ஒரு ரன்கூடக் கொடுக்காமல், போட்டதும் அதே தரையில். 32 ஓவரில் 5 ரன். பார்த்துக்கொண்டிருந்தவர்களில் எத்தனை பேர் கால்பந்து ரசிகர்களாக மாறினார்களோ.

இப்போது அதே இடத்தில் நிற்பது நேரு ஸ்டேடியம், தொண்ணூறுகளில் புதிதாகக் கட்டியது. ‘சென்னையின் எஃப்.சி.’ என்ற கால்பந்துக் குழு அங்கே ஆடுகிறது. அந்தப் புல்லின் மேலே ஓடுகிற இருபத்தொரு வயசுப் பையனிடம் போய் நட்கர்னி என்றால் என்ன சொல்வான் என்று யோசித்தேன். ஒன்றும் சொல்ல மாட்டான், ஓடிக்கொண்டிருப்பான். அதுவும் சரிதான்.

கே: இப்போது ஏன் யாரும் பகிர்ந்துகொள்வதில்லை? தொழில்நுட்பம் வளர்ந்துவிட்டதே.

ப: தொழில்நுட்பம் வளர்ந்தது, பொறுமை வளரவில்லை. கொச்சி ஸ்டேடியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1998-இல் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக சச்சின் பந்து வீசி ஐந்து விக்கெட் எடுத்தது அங்கேதான், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்கிற ரசிகர்கள் இருக்கிறார்கள். பிறகு கேரளா பிளாஸ்டர்ஸ் கால்பந்துக் குழு வந்தது, 2017-இல் பதினேழு வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பைக்காகத் தரையைப் புதிதாகப் போட்டார்கள். 2018-இல் மேற்கிந்தியத் தீவுகளோடு ஒருநாள் ஆட்டத்தை அங்கே வைக்கலாம் என்று பேச்சு கிளம்பியதும் கால்பந்து ரசிகர்கள் பொங்கிவிட்டார்கள், நடுவில் பிட்ச் தோண்டினால் புல் என்னாவது என்று. சச்சினே கால்பந்துத் தரையைக் காப்பாற்றச் சொல்லிப் பேசினார். கடைசியில் ஆட்டம் திருவனந்தபுரத்துக்குப் போனது. கால்பந்து ரசிகர்கள் சொன்னதில் நியாயம் இருந்தது என்பதுதான் என் கட்சி, கிரிக்கெட் நண்பர்கள் கோபித்தாலும் பரவாயில்லை.

பிட்சை வெளியே ஒரு தொட்டியில் வளர்த்துத் தூக்கி வந்து பதிக்கிற முறை இருக்கிறது. 1977-இல் ஆஸ்திரேலிய டிவி முதலாளி கெர்ரி பேக்கர் தனியாக நடத்திய கிரிக்கெட் தொடருக்குக் கிரிக்கெட் மைதானங்கள் கிடைக்காமல் போனபோது, ஜான் மேலி என்ற தரைப் பராமரிப்பாளர் மெல்போர்னில் ஆஸ்திரேலிய ஃபுட்பால் மைதானம் ஒன்றில் அப்படிக் கொண்டுவந்து வைத்தார். இன்றைக்கு மெல்போர்ன் கிரிக்கெட் மைதானமே அந்த வழியில்தான் ஓடுகிறது. அதற்குக் கிரேன் வேண்டும், பணம் வேண்டும், வளர்க்க வேறு இடம் வேண்டும். நம்மைப் போன்ற செங்கல் மைதானக்காரர்களுக்கு ஆகாது.

கே: இந்த ஏக்கமெல்லாம் பொய். அந்த மைதானங்களில் கூரை கிடையாது, பாதி ஆட்டம் கண்ணுக்குத் தெரியாது, கழிப்பறை கிடையாது. பெண்கள் போகவே முடியாது. நீங்கள் உங்கள் இளமையை நினைத்து அழுகிறீர்கள், மைதானத்தை நினைத்து அல்ல.

ப: திட்டி எழுதியவர் இவர்தான். முக்கால்வாசி ஒப்புக்கொள்கிறேன். பிரமால் லேனில் கால்பந்துக்கு ஒரு பக்கக் கூட்டம் இல்லாமல் போனது, வருமானமும் போனது, அதனால்தான் கிரிக்கெட்டை அனுப்பினார்கள். கிரிக்கெட் பார்க்க வந்தவருக்கும் எதிர்ப்பக்கம் யாருமில்லாத கால்பந்து மேடுதான் தெரியும். ரெண்டு பேருக்கும் முழுதாக எதுவும் கிடைக்கவில்லை. கழிப்பறை விஷயத்தில் மறுபேச்சே இல்லை.

கால்வாசிதான் என் கட்சி. கால்பந்து பார்க்க வந்தவன் ஆட்டம் போரடித்தால் திரும்பிப் பார்ப்பான், அங்கே மூடி வைத்த பிட்சும் கயிறு கட்டின சதுரமும் தெரியும். அடுத்து என்ன ஆட்டம் வரப்போகிறது என்று அவன் கண் முன்னாலேயே கிடக்கும். கிரிக்கெட் பார்க்க வந்தவன் காலடியில் பெனால்டி புள்ளியின் வெள்ளைச் சுண்ணாம்பு பாதி அழிந்து தெரியும். ஒன்றை மட்டும் பார்த்துவிட்டுப் போக அந்த மைதானங்கள் விடவில்லை. இன்றைக்குக் கால்பந்து ரசிகருக்குக் கிரிக்கெட் ரசிகர் எதிரி மாதிரி ஆகிவிட்டார், ரெண்டு பேரும் ஒரே கேலரியில் உட்கார்ந்த காலம் ஒன்று இருந்தது. என் இளமையை நினைத்தும் அழுகிறேன், அது தனிக் கணக்கு.

கே: நாங்கள் பத்தாம் வகுப்பு. எங்கள் மைதானத்தில் ஃபுட்பால் பசங்களும் நாங்களும் தினமும் சண்டை. அவர்கள் எங்கள் பிட்ச் மேலேயே ஓடுகிறார்கள். என்ன செய்வது அங்கிள்?

ப: தம்பி, முதலில் அவர்களிடம் கோல் போஸ்ட் நிரந்தரமா, தூக்கி வைக்கிறதா என்று கேளுங்கள். தூக்கி வைக்கிறது என்றால் பாதிச் சண்டை முடிந்தது. களத்தை ஒரு பக்கச் சுவரை ஒட்டிப் போடச் சொல்லுங்கள், அகலம் கொஞ்சம் குறைந்தாலும் உங்கள் வயசுக்குப் போதும். உங்கள் பிட்ச் நடுவிலிருந்து அந்தக் கோடு எவ்வளவு தள்ளி விழுகிறது என்று காலால் அளந்து பாருங்கள், இருபது அடிகூட வரவில்லை என்றால் பிட்சை நீங்களும் கொஞ்சம் மறுபக்கம் நகர்த்துங்கள். விட்டுக்கொடுப்பது அவர்கள் மட்டும் என்றால் நடக்காது.

கோல் மாற்றும்போது குழியை மண் போட்டு மிதித்து மூடுங்கள், செங்கல் வேண்டாம், நான் பட்டுவிட்டேன். மழை பெய்த அன்று பிட்ச் மேல் யாரும் கால் வைக்கக் கூடாது என்று ரெண்டு பக்கமும் பேசி வையுங்கள், காய்ந்த நாளில் ரெண்டு மூன்று பேர் தாண்டி ஓடினால் கண்டுகொள்ளாதீர்கள். ஆளுக்கு அரை மணி என்று நேரம் பிரித்தால் கடிகாரத்தைப் பார்த்தே சண்டை வரும், அதனால் நாள் பிரித்துக்கொள்ளுங்கள். பிட்சைச் சுற்றி நாலு குச்சி நட்டு ஒரு கயிறு கட்டுங்கள். முழங்கால் உயரத்துக்கு வேண்டாம், ஓடி வருகிறவன் இருட்டில் தடுக்கி விழுவான். இடுப்பு உயரத்தில் கட்டி, கயிற்றில் ஒரு வெள்ளைத் துணியும் முடிந்துவிடுங்கள்.